பூட்டும் பாதுகாப்பும்

எங்கள் எழுத்தறிவு வகுப்பு மும்பையில் நடக்கிறது. தாராவியில் ஒரு சின்ன அறை. மதியம் மூன்று மணிக்கு வகுப்பு. வீட்டு வேலை முடிந்து பெண்கள் வருவார்கள். எல்லாரும் தமிழ்ப் பெண்கள். பலருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களிடம் இருந்து நானும் கற்றுக்கொள்கிறேன்.

ஒரு நாள் ஓர் அக்கா கையில் ஒரு தாளோடு வந்தார். அவர் இட்லி அவித்து விற்பவர். கூடவே அவருடைய மகளும் வந்தாள்.

"டீச்சர், இவளுக்குப் புனேயில காலேஜ் கெடைச்சிருக்கு. ஹாஸ்டல்ல சேர்க்கணும். இதுல நான் கையெழுத்துப் போடணுமாம்" என்றார்.

அக்காவின் முகத்தில் சந்தோஷம். போன வருடம் வரை அவர் கைநாட்டு வைத்தவர். இப்போது கையெழுத்துப் போடத் தெரியும்.

"போடலாம் அக்கா. முதல்ல இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்குவோம்" என்றேன்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மகள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். எல்லாரும் கேட்டோம்.

தாளில் என்ன இருந்தது?

மாணவிகள் மாலை 7 மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும். 7 மணிக்குக் கதவு பூட்டப்படும். தாமதமாக வந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும். மூன்று முறை தாமதமானால் விடுதியில் இருந்து நீக்கப்படுவார். இந்த விதிகள் மாணவிகளின் பாதுகாப்புக்காகவே. இதற்குப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும்.

கடைசியில் இன்னொரு வரி இருந்தது. விடுதிக்கு வெளியே மாணவிக்கு எது நடந்தாலும் விடுதி பொறுப்பல்ல. அந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போடும் இடம்.

"பையன்களுக்கு எத்தனை மணி?" என்று நான் கேட்டேன்.

"அவங்களுக்குப் பத்து மணி. லேட்டா வந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்கன்னு சீனியர் அக்கா சொன்னாங்க" என்றாள் மகள்.

வகுப்பில் நடந்த பேச்சு

அன்று பாடம் நடக்கவில்லை. பேச்சுத்தான் நடந்தது.

வயதான ஓர் அம்மா சொன்னார்: "பூட்டுறது நல்லதுதானே? வயசுப் பிள்ளை. தெரியாத ஊரு. உள்ள இருந்தா நமக்கு நிம்மதி."

பலர் தலையாட்டினார்கள்.

இட்லிக்கார அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கேன். விடியுமுன்ன கூடையைத் தூக்கிட்டுத் தெருவுல போறேன். இருபது வருசமாப் போறேன். எனக்கு யாரு பூட்டுப் போட்டா?"

"உங்களுக்குப் பயம் இல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"முன்ன இருந்துச்சு. அப்போ தெருவுல விளக்குக் கிடையாது. இப்போ விளக்கு இருக்கு. முக்குல டீக்கடை தொறந்திருக்கும். பால்காரன் வருவான். நாலு பொம்பளைங்க சேர்ந்துதான் போவோம். அதனால பயம் போச்சு."

அக்காவைப் பாதுகாத்தது எது? விளக்கு, திறந்திருந்த கடை, கூட வந்த பெண்கள். பூட்டு அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் இதைப் பற்றித்தான்.

பெற்றோரின் பயம்

பெற்றோர் பயப்படுவது தவறல்ல. மகளை வெளியூர் அனுப்புவது சின்ன விஷயமா? பல ஊர்களில் இருட்டினால் பஸ் இல்லை. தெருவில் விளக்கு இல்லை. கேலி செய்பவர்கள் உண்டு. தொல்லை தருபவர்கள் உண்டு.

வார்டனுக்கும் பயம் உண்டு. நூறு, இருநூறு பெண்களுக்கு அவர் பொறுப்பு. ஏதாவது நடந்தால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். அதனால் பூட்டுவது அவருக்குச் சுலபமாகத் தெரிகிறது.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலர் சேர்ந்து வாழும் இடத்தில் விதி வேண்டும். ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த விதி பெண்ணைக் காப்பாற்றுகிறதா? அல்லது பெண்ணை அடைத்து மட்டும் வைக்கிறதா?

பூட்டு எங்கே தவறுகிறது?

வாரணாசி நகரில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் அங்கே ஒரு சம்பவம் நடந்தது. வளாகத்துக்குள் நடந்து வந்த ஒரு மாணவியிடம் பைக்கில் வந்தவர்கள் தகாத முறையில் நடந்தார்கள். அது மாலை நேரம். விடுதி மூடும் நேரம்கூட ஆகவில்லை. அவளுக்கு உதவி கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் ஏன் வெளியே வந்தாய் என்று அவளையே கேட்டார்கள் என மாணவிகள் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான மாணவிகள் பல்கலைக்கழக வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். தெரு விளக்கு கேட்டார்கள். கேமரா கேட்டார்கள். நல்ல காவல் கேட்டார்கள். இரண்டாம் நாள் இரவு போலீஸ் தடியடி நடத்தியது. அது நாடு முழுவதும் செய்தி ஆனது.

விடுதிக்குப் பூட்டு இருந்தது. ஆனால் வளாகத்தின் பாதையில் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்றை யோசியுங்கள். ரயில் தாமதமாக வருகிறது. மாணவி விடுதி வாசலுக்கு வரும்போது 7.30 மணி. கதவு பூட்டியிருக்கிறது. இப்போது அவள் எங்கே இருக்கிறாள்? தெருவில். பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு அவளை வெளியே நிறுத்திவிட்டது.

மூன்றாவதாக ஒன்று. வழியில் ஒருவன் தொல்லை கொடுக்கிறான். மாணவி வார்டனிடம் சொல்வாளா? தாமதமாக வந்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்று பயப்படுவாள். வீட்டில் சொல்வாளா? படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுவாள். அதனால் யாரிடமும் சொல்ல மாட்டாள். தொல்லை கொடுத்தவன் தப்பித்துவிடுவான். நாளைக்கு வேறு ஒரு பெண்ணுக்கும் தொல்லை கொடுப்பான்.

படிப்பும் கெடுகிறது. நூலகம் இரவு வரை திறந்திருக்கும். மாணவன் உட்கார்ந்து படிப்பான். மாணவி பாதியில் எழுந்து ஓட வேண்டும். ஆய்வுக்கூட வேலையும் அப்படித்தான். இருவரும் ஒரே பரீட்சைதான் எழுதுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 18 வயது ஆனவர் சட்டப்படி வயது வந்தவர். 1989 முதல் 18 வயதில் ஓட்டுப் போடலாம். நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் பெண், நூலகத்தில் இருந்து எப்போது திரும்புவது என்று முடிவு செய்யக் கூடாதா? ஆண், பெண் என்று பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்று நம் அரசியல் சட்டமும் சொல்கிறது.

பல்கலைக்கழகங்களுக்கு நிதியும் நெறியும் தரும் அமைப்பு பல்கலைக்கழக மானியக் குழு. அந்தக் குழு 2013-இல் கல்லூரிப் பெண்களின் பாதுகாப்புப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களின் நடமாட்டத்தைக் குறைக்கக் கூடாது, எப்போதும் கண்காணிக்கக் கூடாது என்று அது சொன்னது.

2016-இல் அந்தக் குழுவின் விதிகள் அரசிதழில் வந்தன. அதில் தெளிவாக ஒன்று இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதிக்குப் போடக் கூடாது.

வகுப்பில் இதைச் சொன்னேன். "அப்போ இந்தத் தாள்ல இருக்கிறது?" என்று இட்லிக்கார அக்கா கேட்டார். நல்ல கேள்வி. தாளில் அச்சடித்து இருப்பதாலேயே ஒரு விதி நியாயமானது ஆகிவிடாது.

மாணவிகள் கேட்டார்கள்

மாணவிகள் சும்மா இருக்கவில்லை. பல ஊர்களில் கேள்வி கேட்டார்கள்.

டில்லி: 2015-இல் ஒரு பல்கலைக்கழகம், மாணவிகள் சில நாட்கள் தாமதமாக வர இருந்த அனுமதியை ரத்து செய்தது. டில்லி மகளிர் ஆணையம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு மாணவிகள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் 'பிஞ்ச்ரா தோட்'. கூண்டை உடை என்று பொருள்.

சண்டிகர்: 2018-இல் பஞ்சாப் பல்கலைக்கழக மாணவிகள் ஒரு மாதத்துக்கும் மேல் போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கோரிக்கை கிடைத்தது. பதிவேட்டில் எழுதிவிட்டு இரவிலும் வந்து போகலாம் என்று ஆனது.

கேரளம்: கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதி. மாலையில் செல்போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி போட்டது. ஒரு மாணவி மறுத்தார். அவரை விடுதியில் இருந்து நீக்கினார்கள். அவர் கேரள உயர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த மாணவியை மறுபடியும் சேர்க்கச் சொன்னது.

2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் அதே நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய விடுதி இரவு 9.30 மணிக்கு மூடப்பட்டது. தொல்லை தருபவர்கள் ஆண்கள் என்றால் பெண்களை ஏன் பூட்ட வேண்டும் என்று நீதிபதி கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் கேரள அரசு ஆணை போட்டது. மருத்துவக் கல்லூரி விடுதிகளில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே நேரம் என்றது. இரண்டாம் ஆண்டு முதல், பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிறகும் வரலாம் என்றது.

இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். விதியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பூட்டுக்குப் பதில் பதிவேடு வந்தது. பதிவேட்டில் எழுதினால், யார் வெளியே இருக்கிறார் என்று வார்டனுக்குத் தெரியும். வரவில்லை என்றால் தேடலாம். வரும்போது கதவைத் திறக்கலாம்.

தொழிற்சாலையில் நடந்தது

இந்தக் கேள்வி விடுதியில் மட்டும் எழுந்தது அல்ல. 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்று அது சொன்னது. அதுவும் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் அதனால் பெண்களுக்கு வேலையும் கூலியும் குறைந்தன. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பாதுகாப்பை நீதிமன்றம் விட்டுவிட்டதா? இல்லை. இரவில் பெண்களை வேலைக்கு வைத்தால் முதலாளி சிலவற்றைச் செய்ய வேண்டும் என்றது. வீட்டில் இருந்து வண்டி வசதி வேண்டும். தனியாக ஒரு பெண்ணை வைக்கக் கூடாது. தொல்லை நடக்காமல் தடுக்க வேண்டும்.

முன்பு சட்டம் பெண்ணிடம் "நீ வராதே" என்றது. பிறகு முதலாளியிடம் "நீ பாதுகாப்புக் கொடு" என்றது. விடுதியிலும் இந்த மாற்றம்தான் வேண்டும்.

நல்ல விதியை எப்படி அறிவது?

ஒரு விதியைப் பார்த்தால் இந்த நான்கையும் கேளுங்கள்.

1. இந்த விதி ஆண் பிள்ளைகளுக்கும் உண்டா?

2. பஸ் தாமதம், உடம்பு சரியில்லை, படிப்பு வேலை. இப்படிப்பட்ட நேரத்துக்கு வழி இருக்கிறதா?

3. விதி யாரைத் தண்டிக்கிறது? தவறு செய்தவனையா? தொல்லைக்கு ஆளானவளையா?

4. விதி போடும்போது மாணவிகளைக் கேட்டார்களா?

விடுதியில் கேட்க வேண்டியவை

மகளை விடுதியில் சேர்க்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்.

பஸ் நிறுத்தத்தில் இருந்து விடுதி வரை விளக்கு இருக்கிறதா? இரவில் வாசலில் ஆள் உண்டா? தாமதமாக வந்தால் கதவைத் திறப்பார்களா? இரவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவமனைக்கு யார் கூட்டிப் போவார்கள்? வார்டன் போன் எண் என்ன? புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள். பிள்ளையை ஒப்படைக்கிறீர்கள்.

தொல்லை நடந்தால் என்ன செய்வது?

2013-இல் பாலியல் தொல்லைக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அதன்படி கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஒரு பெண்தான் அதற்குத் தலைவர். தொல்லை நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் கொஞ்சம் காலம் தருவார்கள். எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டும். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது.

ஆபத்து என்றால் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பெண்களுக்கான உதவி எண் 181. இந்த இரண்டு எண்களையும் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அக்கா என்ன செய்தார்?

அடுத்த வாரம் அக்கா மகளோடு புனே போனார். கேள்விகளை ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துப் போனார். அவரே எழுதினார். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை. அவருக்குப் புரிந்தால் போதும்.

வார்டனிடம் இந்தியில் கேட்டார். சில கேள்விக்குப் பதில் கிடைத்தது. போன் எண் கிடைத்தது. புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல் கிடைத்தது. ரயில் தாமதமானால் போன் செய்தால் கதவைத் திறப்போம் என்றார்கள். அதை எழுதித் தாருங்கள் என்று அக்கா கேட்டார். வார்டன் முதலில் யோசித்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

7 மணி மட்டும் மாறவில்லை. ஆண்களுக்கு ஏன் பத்து மணி என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

அக்கா கையெழுத்துப் போட்டார். "போடாம என்ன செய்ய? சீட்டுப் போயிருமே" என்றார். "ஆனா பொறுப்பல்லன்னு இருந்த வரிக்குப் பக்கத்துல 'எனக்குச் சம்மதம் இல்லை'ன்னு தமிழ்ல எழுதிட்டேன். அந்த அம்மா என்ன எழுதினேன்னு கேட்டாங்க. மக படிச்சுச் சொன்னா. ஒண்ணும் சொல்லாம வாங்கி வச்சுக்கிட்டாங்க."

ஊருக்குத் திரும்பும் முன் மகளிடம் ஒரு வார்த்தை சொன்னாராம். "எது நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு. நீ லேட்டா வந்தேன்னு கேட்டா நான் ஏசுவேன். ஆனா படிப்பை நிறுத்த மாட்டேன்."

அந்தப் பெண் இனி எதையும் மறைக்க வேண்டியது இல்லை. எந்தப் பூட்டையும் விட இது பெரிய பாதுகாப்பு.

பூட்டை நாளைக்கே மாற்ற நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் தாளைப் படிக்கலாம். கேள்வி கேட்கலாம். நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். தெரு விளக்கும் அப்படிக் கேட்டுத்தான் வந்தது.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் பெண்கள் இரவில் நடக்கப் பயப்படும் இடம் எது? அங்கே என்ன வேண்டும்?

2. உங்கள் வீட்டில் மகனுக்கு ஒரு நேரம், மகளுக்கு ஒரு நேரம் உண்டா? ஏன்?

3. மகள் வெளியே நடந்த தொல்லையை வீட்டில் சொன்னால், நீங்கள் முதலில் என்ன சொல்வீர்கள்?

சொல் அறிவோம்

வார்டன் – விடுதியைப் பார்த்துக்கொள்பவர்
அரசிதழ் – அரசு தன் சட்டங்களையும் ஆணைகளையும் வெளியிடும் இதழ்
பாகுபாடு – ஒருவரை ஒருவிதமாகவும் மற்றவரை வேறுவிதமாகவும் நடத்துவது
பதிவேடு – வருகை, போக்கு எழுதும் நோட்டு